இருநூறு ஸ்பீடு போட்டும் நின்றுபோன முகம்

786
லப்பைக்குடிகாடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அல்தாபுக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் உன் பெண்டாட்டி ஹுமாவும் பிள்ளை ஆகிப்பும் அல்லாஹ் உதவியால் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனசுக்குத்தான் ஒருவரும் நன்றாக இல்லை. ஐந்து நாளாக நீ யார் போனையும் எடுக்கவில்லை, மெசேஜும் பார்க்கவில்லை. அதனால்தான் நாளை துபாய் வருகிற பக்கத்து வீட்டு மர்ஜியாவின் வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீடியோவில் ஹுமா முகம் நின்று நின்று போகிறதென்று வீட்டு இன்டர்நெட்டின் நாற்பது ஸ்பீடை இருநூறாக மாற்றச் சொன்னாய், அத்தாவும் பெரம்பலூர் போய் மாற்றிவிட்டு வந்தார். அப்புறமும் நின்றதும் உனக்கு வந்ததே ஒரு கோபம்! இருநூறு இருந்தும் எப்படி நிற்கும், என்னோடு பேசப் பிடிக்காமல் நீதான் அணைக்கிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டாயே, நாக்கில் நரம்பில்லாமல் பேசலாமா? நானும் சும்மா இராமல், போனை ஒழுங்காக சார்ஜ் போட்டு வைத்தால் என்ன என்று அவளையே ஏசினேன்.

நேற்று கனெக்‌ஷன் பார்க்க வந்த வீரமணி, வைஃபை பெட்டி எங்கம்மா இருக்கு என்றார். இரும்பு பீரோவைத் திறந்து காட்டினேன். ஆகிப் வயரைப் பிடித்து இழுக்கிறானே என்று நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து அதற்குள்தான் வைத்துப் பூட்டியிருந்தேன். கதவிடுக்கில் வயர் போகிறது, உள்ளே விளக்கும் எரிகிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏம்மா, இரும்புக்குள்ள பூட்டுனா ஆயிரம் ஸ்பீடு போட்டாலும் வெளிய வராதுங்க, நாலு பேரு இருக்குற வூட்டுக்கு அந்த நாப்பதே தாராளம், வீடியோ கால் ஒன்னுக்கு நாலஞ்சு இருந்தாப் பத்தும் என்றார். பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டியதும் அத்தா போனில் மார்க்கப் பயான் தடங்கலே இல்லாமல் ஓடியது.

ஹுமாவிடம் அழுது மாப்புக் கேட்டேன். பெட்டியப் பூட்டுனது நீங்க, என்னையச் சந்தேகப்பட்டது அவுங்கதானே மாமி என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து அடுக்குகிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவள் அண்ணன் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வருகிறான். பிள்ளையும் கூடப் போய்விடும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிதானத்தையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. எனக்குப் போன் பண்ணாதே, முதலில் அவளுக்குப் பண்ணு. பழியைப் பெட்டி மேலும் போடாதே, என் மேலும் போடாதே, சந்தேகப்பட்டது என் தப்பு என்று உன் வாயால் சொல்லு. இப்போது உன் முகம் நிற்காமல் தெரியும். அவள் எடுப்பாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

உனக்காக துஆ செய்யும் அம்மா,
சாகிரா