உன் வசவு சொன்ன சாட்சி

டான்பரி, கனெக்டிகட்
அக்டோபர் 14

அன்பு மகள் யாதிராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், என் முட்டிவலி என்னைவிடச் சுகம். அங்கே நம் ஊர் லோஹாவில் நீயும் உன் மருந்துக்கடையும் சிஸ்னே மாதா தயவில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதம் எடுத்தேன் என்றால், போனில் நீ நடுவிலேயே கத்துவாய், காகிதத்தில் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

அறுபத்தோரு வயதில் அம்மாவுக்கு இரண்டாம் கல்யாணம் கேட்கிறதா என்று நீ வராமலே இருந்துவிட்டாயே, அந்தக் கல்யாணத்தில் கிடைத்த, இந்த நாட்டில் தங்கவிடும் பச்சை அட்டை இரண்டே வருடத்துக்குத்தான். அது முடியுமுன் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, நிஜமாகவே புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்கிறோம் என்று காட்டினால்தான் நிபந்தனையை நீக்கி நிரந்தர அட்டை தருவார்கள். போட்டோம். பல மாதம் கழித்து, ஆதாரம் போதவில்லை, இன்னும் அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன் சொல்லு. வீடு என் வீட்டுக்காரர் தெல்பெர்ட் பெயரில், மின்சாரக் கட்டணம் இன்னமும் இறந்துபோன அவருடைய முதல் மனைவி பெயரில், போட்டோவுக்கு வாருமய்யா என்றால் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிக் கண்ணாடியில் இந்த முகத்தைப் பார்த்தது போதும் என்பார். மனு தள்ளுபடியானால் நாட்டைவிட்டு அனுப்பும் வழக்குவரை போகலாம் என்று வக்கீல் இக்னாசியா சொன்னாள், அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை.

அவள் நம் பக்கத்து ஊர் குயெங்காக்காரிதான். இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊரிலிருந்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு மகள் போனில் எழுதுவாள், ஆனால் சபையில் படிக்க முடியாது என்றேன். போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். அவர் குறட்டையைப் பற்றி நான் புலம்பியதும், வாழைக்காய் சூப்பில் தக்காளி சாஸ் ஊற்றுகிற கிழவனோடு உனக்கென்ன வாழ்க்கை என்று நீ பொரிந்ததும், இரண்டு வருடத்துச் சண்டை அப்படியே அதில் இருந்தது. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "பொய்க் கல்யாணத்துக்கு எந்த மகளும்மா இப்படி உட்கார்ந்து திட்டுவா?" என்றாள்.

ஆதாரமாக அனுப்ப எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றினார்கள், நாற்பத்தொரு பக்கம். இது என் பெயரிலும் போகிறது, படிக்காமல் விடமாட்டேன் என்று தெல்பெர்ட் உட்கார்ந்துவிட்டார். கிழட்டு ஆந்தை என்று நீ எழுதிய இடத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார், ஒத்துக்கொண்டாரோ என்னவோ. கடைசியில் பிப்ரவரி மாதப் பக்கம் வந்தது, அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த வாரம். அன்றைக்கு நீ அனுப்பியது உனக்கு மறந்திருக்கும். "மாத்திரைய வேளைக்குக் குடும்மா. அவர் போயிட்டா நீ மறுபடி தனியாயிடுவே." அதில்தான் முதல்முதலாகக் கிழவன் போய் அவர் வந்திருந்தார். தெல்பெர்ட் அதைக் கவனிக்காமல் தாண்டப் பார்த்தார், அதனால் நானே எடுத்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை அட்டை வந்துவிட்டது, பத்து வருடத்துக்கு. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதே. ஞாயிறுதோறும் காப்பி குடிக்கும்போது, இந்த வாரம் மகள் தன்னை என்ன சொன்னாள் என்று கேட்கிறார். நீ ஒன்றும் சொல்லவில்லை என்றால் முகம் வாடிப்போகிறது.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு கடை திறக்காதே.

இப்படிக்கு,
உன் திட்டெல்லாம் தின்று நன்றாகப் பெருத்துவிட்ட அம்மா
சொராய்தா