லிட்டருக்கு எத்தனை நிமிடம்

மார்ச் 3, திங்கள்

தலைவர் கூப்பிட்டார். ஏப்ரல் இதழின் அட்டைக் கட்டுரை முடிவாகிவிட்டதாம்: எந்த நாட்டில் கார் வைத்திருக்க எவ்வளவு ஆகிறது. ஆறு நாடுகள், ஒரு அட்டவணை.

"பெட்ரோல் வரியில நம்ம நாடுதான் முதலிடம். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டு நிரூபிச்சிடுங்கம்மா."

விடை முதலில், கணக்கு பிறகு. பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்தவர்களைப் பெஞ்சுமேல் ஏற்றினார்கள். கார் உரிமையாளர் சங்கத்தில் தலைவராக்கியிருக்கிறார்கள். பதினோரு வருடமாகச் சங்கத்தின் மாத இதழைத் தொகுக்கிறேன், எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

மார்ச் 6

நாலாவது இடம்.

மலைநாடு, தீவு, வடக்கே உள்ள பெரிய நாடு, மூன்றும் நம்மைவிட அதிகம் பிடுங்குகின்றன. நாம் ஒரு லிட்டருக்குக் கொடுப்பதில் பாதி வரி. மலைநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. நமக்குக் கீழே பக்கத்து நாடு. கடைசியில் எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற நாடு. அங்கே வரியே கிடையாது, அரசாங்கம் கைக்காசு போட்டு விற்கிறது.

தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"நாலாவதா? அப்ப மேல இருக்கிற மூணை எடுத்துட்டு வேற மூணு நாடு போடுங்க."

மெய்ப்புப் பார்க்கிறவர் பக்கத்து மேசையில் இருந்தார். ஆபீசில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். "நாட்டுக்கா பஞ்சம், இருநூறு இருக்கு" என்றார், தலையைத் தூக்காமல்.

மார்ச் 7

யாரும் கேட்காமலே ஒரு பத்தி சேர்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்க, சாதாரண சம்பளக்காரர் எத்தனை நிமிடம் வேலை பார்க்க வேண்டும்?

மலைநாட்டில் ஆறு நிமிடம். வரியில் முதலிடம் பிடித்த அதே மலைநாடு. நமக்குப் பதினாலு. பக்கத்து நாட்டில் வரி நம்மில் பாதி, நிமிடமோ பத்தொன்பது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பத்தொன்பதுதான்.

தலைவருக்குப் பிடிக்கவில்லை. "பெட்ரோல் பங்க்ல போய் யாரும் நிமிஷம் போடுன்னு கேக்கிறதில்லைம்மா." பத்தியை அடித்துவிட்டார். நாடுகளை மாற்ற நானும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சாதாரணக் குடும்பம், அவர்களுடைய காரின் ஒரு வருடச் செலவு, கூடவே படம். நாலாமிடம் இந்த ஆரவாரத்தில் யார் கண்ணிலும் படாதாம்.

"உங்க தங்கச்சி பக்கத்து நாட்டுலதானே இருக்காங்க?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கையோடு பேசினேன். ஆறு வருடமாக அவள் போன் செய்தால் முதல் ஐந்து நிமிடம் பெட்ரோல்தான். "தண்ணி விலைக்குப் போடறோம்க்கா! நீங்க எல்லாம் எப்படித்தான் அங்க இருக்கீங்களோ!" நான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகலெல்லாம் முதல் கியரில் பெட்ரோலைக் குடிக்கிற வண்டியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர். பேசாமல் எழுந்து போய் ஏதாவது குழாயைச் சரிபார்ப்பார்.

இன்று அவளாகப் பெட்ரோல் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். இதழில் வரப்போகிறாய் என்றேன்.

"எதுக்குக்கா நாங்க? வேற யாராவது கிடைக்க மாட்டாங்களா?"

"உன்னைவிட விலை தெரிஞ்சவ யாருடீ இருக்கா?"

அனுப்புகிறேன் என்றாள்.

மார்ச் 16

அனுப்பிவிட்டாள், மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு. லிட்டர் விலை, காப்பீடு, கண்ணாடியில் ஒட்டுகிற சாலை வரி வில்லை, வாகன நிறுத்தக் கட்டணம், பழுது பார்த்தது. வரிசையாக, அழகாக. படம் கேட்டால் தேடுகிறேன் என்கிறாள். போன வருடம் அவள் அனுப்பிய ஒன்று என்னிடமே இருந்தது: நீலக் கார், முன்னால் அவள், மாப்பிள்ளை, மகள், மூன்று பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பக்க வடிவமைப்புக்குக் கொடுத்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மார்ச் 19, புதன்

ஒரு விஷயம் இடிக்கிறது.

தங்கை கொடுத்த லிட்டர் விலை, என் அட்டவணையில் உள்ள பக்கத்து நாட்டு விலையைவிடக் குறைவு. அங்கே போன அக்டோபரில் வரியை ஏற்றினார்கள். அவள் கொடுத்தது அதற்கு முந்தைய விலை. சரி, மறதி என்று விட்டேன்.

அப்புறம் அந்த வில்லை. "ஜனவரியில் புதிது ஒட்டினோம்" என்று எழுதியிருக்கிறாள். அங்கே ஜனவரியிலிருந்து வில்லையே கிடையாது. எல்லாம் கணினியில் போய்விட்டது. அந்த அறிவிப்பைப் பிப்ரவரி இதழில் போட்டதே நான்தான்.

அக்டோபருக்குப் பிறகு அவள் பெட்ரோல் போடவில்லை. ஜனவரியில் அவளிடம் ஒட்டுவதற்குக் கண்ணாடி இல்லை.

ஐயோ, என்னடி ஆச்சு உனக்கு? ஏன்டி எங்கிட்ட சொல்லல?

மார்ச் 20

இவரிடம் சொன்னேன். சட்டை மடித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"சகலை செப்டம்பர்ல கேட்டார். தவணை பாக்கி இருக்கிற காரை விக்கணும்னா என்ன பண்ணணும்னு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னார்."

"நான் யாரோவா?"

"உன்கிட்ட வேண்டாம்னு தனியா சொன்னார்."

மாப்பிள்ளை மேற்பார்வையாளராக இருந்த கிடங்கை ஆகஸ்டில் மூடிவிட்டார்களாம். ஏழு மாதம். அதில் ஆறு மாதமாக இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் தூங்கியிருக்கிறார். இன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. சாயங்காலம்தான் அதைக் கவனித்தார்.

மார்ச் 21, வெள்ளி

தலைவரிடம் ஐந்தாவது வரிசையை எடுத்துவிடச் சொன்னேன். அந்தக் குடும்பத்திடம் இப்போது கார் இல்லை என்றேன். தங்கையைப் பற்றி அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

"ஓ" என்றார். "சரி, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு வருடத்தில் இது எத்தனையாவது தடவை?

ஏப்ரல் 4

இதழ் வந்தது. அரைப்பக்கத்துக்குப் படம். நீலக் கார். மேலே கொட்டை எழுத்தில்: எல்லையைத் தாண்டினால் பாதிச் செலவு!

தலைவரின் அறைக்குப் போனேன். "கார் இருந்திருந்தா இவ்வளவுதான் ஆகும்னு வச்சுக்குங்களேன். எண்ணுல என்ன தப்பு?" என்றார்.

எண்ணும் தப்பு. சொன்னேன். தொலைபேசியை எடுத்துவிட்டார், அது அடிக்கவேயில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அங்கேயும் ஒரு சங்கம் இருக்கிறது, அவர்களுக்கு நம் இதழ் போகும். யாரோ பக்கத்தைப் படம் பிடித்து, தங்கை குடியிருக்கிற கட்டடத்துக்காரர்களின் போன் குழுவில் போட்டுவிட்டார்கள். முதலில் எல்லாரும் வாழ்த்தினார்களாம். பிறகு மூன்றாம் மாடிக்காரர் ஒரு கேள்வி கேட்டாராம்: "காரை இப்ப எங்க நிறுத்தறீங்க?"

தங்கை போன் செய்தாள். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சின்னவ எழுதினது பழசுன்னு அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் போட்டியா?"

"இல்லடி. சத்தியமா போட வேண்டாம்னு சொன்னேன்."

"அப்ப தெரிஞ்சிருக்கு."

வைத்துவிட்டாள். 'சின்னவ' என்று தன்னையே சொன்னதை நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். வீட்டில் நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஏப்ரல் 12, சனி

பஸ்ஸில் போனேன். நாலரை மணி நேரம். எல்லையில் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, மறுபடி ஏறினேன். வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். அவளைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் இல்லை. "இளைச்சிட்டே" என்றேன். "தினம் நாற்பது நிமிஷம் நடக்கறேன்ல" என்றாள். ஒரு சலவை நிலையத்தில் வேலையாம். அதுவும் எனக்குத் தெரியாது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர்கள் கார் நின்ற இடத்தில் வேறொரு வெள்ளைக் கார். இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். "கார் இருந்தப்ப அது செலவு. இப்ப வரவு" என்றாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவளே முதலில் சிரித்தாள்.

மாப்பிள்ளை டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வாங்க வேண்டியது எதுவும் இல்லாதபோதும் கடைக்குப் போனார்.

"பெட்ரோல் விலை கம்மிதான்க்கா. நான் பொய் சொல்லல. சம்பளம் அதைவிடக் கம்மி. காப்பீடு ரெண்டு பங்கு. டயர்கூட வெளியிலிருந்து வரணும். அதையெல்லாம் யாரு போன்ல பேசுவா?"

"எங்கிட்ட பேசியிருக்கலாம்ல."

"ஆறு வருஷமா பெருமையடிச்ச வாய். ஏழாவது வருஷம் எப்படி மாத்திப் பேசும்?"

என் நிமிடக் கணக்கை அவளிடம் சொன்னேன். பத்தொன்பது நிமிடம் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "சலவை நிலையத்துல முப்பத்தொண்ணு" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றாள். விட்டுவிட்டாளா என்று தெரியவில்லை. கிளம்பும்போது, கைப்பையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினாள். எல்லை தாண்டி ஓடும் பஸ் கம்பெனியில் ஓட்டுநர் எடுக்கிறார்களாம், மனு போட்டிருக்கிறாள். கனரக வாகன உரிமம் எடுக்க வேண்டும். "நீளமான வண்டியைப் பின்னால எடுக்கத்தான் பயமா இருக்கு. அத்தான் சொல்லித் தருவாரா?"

ஏப்ரல் 13

இவரிடம் கேட்டேன். காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்ததே அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரத்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சொல்லித் தர முயன்ற மூன்றாம் நாளே இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கார், கல்யாணம் இரண்டில் ஒன்றுதான் நிலைக்கும் என்று புரிந்தது. கல்யாணத்தை வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 24

மே இதழ் அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தில், தொலைந்துபோன சாவி விளம்பரத்துக்குக் கீழே, ஒரு கட்டம் சேர்த்தேன்:

'ஏப்ரல் இதழ் அட்டவணையின் ஐந்தாவது வரிசை தவறு. அதிலுள்ள எண்கள் எந்தக் குடும்பத்தின் செலவையும் குறிப்பன அல்ல. படத்தை அக்குடும்பத்தின் அனுமதி இல்லாமல் வெளியிட்டோம், வருந்துகிறோம். வரியில் நம் நாடு நாலாவது. ஒரு லிட்டருக்கு உழைக்க வேண்டிய நேரம்: மலைநாட்டில் ஆறு நிமிடம், நம் நாட்டில் பதினாலு, பக்கத்து நாட்டில் பத்தொன்பது. – தொகுப்பாளர்.'

அரைப்புள்ளி படித்தார். நிறைய நேரம் படித்தார். "வருந்துகிறோம்ங்கறது பன்மை. தலைவரும் வருந்தறாரா?"

"இல்லை."

"அப்ப ஒருமைல போடுங்க." திருத்திவிட்டு, கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பினார்.

மே 5, திங்கள்

இதழ் வெளிவந்த மூன்றாம் நாள். இன்று முதல் எனக்கு உறுப்பினர் சந்தா புதுப்பிக்கும் ஜன்னலில் வேலை. சம்பளம் அதேதான். ஜன்னலில் காற்று வருகிறது.

இதழை இனிமேல் தலைவரின் மருமகன் தொகுப்பார். நல்ல மனிதர், என்னிடம் வந்து, நிமிடம் என்பதை எப்படி வகுத்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன்.

மே 20

ஜன்னலுக்கு வந்த ஒரு லாரி உரிமையாளர், அந்தப் பத்தொன்பது நிமிடத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 8, ஞாயிறு

தங்கை இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறாள். இவருடைய சிநேகிதரின் பழைய பஸ், மூடிக்கிடக்கிற தொழிற்சாலையின் மைதானம். எல்லைக்கோடாக இவர் பழைய டயர்களை நிறுத்தி வைத்தார். முதல் நாள் பதினோரு டயர் விழுந்தன.

"பின்னாடி என்ன இருக்குன்னு தெரியலையே அத்தான்!"

"தெரியலேன்னா நிறுத்தி, இறங்கிப் பாரு. அதுல ஒண்ணும் கேவலம் இல்லை."

சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

ஜூன் 15

நாலு டயர்.

ஜூன் 19

ஒன்று. அதுவும் காற்றில் விழுந்தது என்கிறாள். இவரும் ஆமாம் என்கிறார். காற்றே இல்லை.

ஆகஸ்ட் 2

உரிமம் வாங்கிவிட்டாள். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை போன் செய்து, இவரை இல்லை, என்னைக் கூப்பிடச் சொல்லி, அவரே சொன்னார். கூடவே, காய்கறி மொத்தக் கடையில் தனக்கும் தற்காலிக ஆளாக வேலை கிடைத்திருப்பதையும் சொன்னார். "இப்ப ஒரு வார்த்தைகூட மறைக்கலைங்க அண்ணி" என்றார். பாவமாக இருந்தது.

நவம்பர் 15, சனி

பன்னிரண்டு இருபதுக்கு வர வேண்டிய பஸ் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வந்தது. எல்லையில் வரிசையாம். ஓட்டுநர் இருக்கையில் தங்கை. சீருடை, தோளில் பட்டை, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையசைத்தேன். பார்க்கவில்லை, கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பஸ்களுக்கு நடுவே இருந்த சந்தில் பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். நடத்துநர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டிச் சத்தம் கொடுத்தார். என் பக்கத்தில் நின்ற இவர் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டேயிருந்தார். ஒரே மூச்சில் விட்டாள். அதற்குப் பிறகுதான் இவர் காலை எடுத்தார்.

நாற்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக அவள். சாப்பாட்டு டப்பாவை நின்றுகொண்டே காலி செய்தாள். பேச நேரமில்லை, இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டும். இவர் எல்லா டயரையும் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். கம்பெனி ஆள் ஒருவர் முறைத்தார்.

சட்டென்று, எல்லை வரை கூடவே போய்விட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பலாமென்று தோன்றியது. ஏறப்போனேன்.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுக்கா. ஓசியில ஏத்தினா என் வேலை போயிடும்."

எடுத்தேன். அவளுக்கு நேர்ப் பின்னால் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டும்போது நடுக் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் எல்லை வரை பார்க்கவேயில்லை. ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவள் தலைக்குமேல் எழுதியிருந்தது. நானும் பேசவில்லை.