பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஒரு படகு

ஜனவரி 20, 2025

கொத்தமல்லி விதை வரத்து குறைவு. வந்ததும் ஈரம். மண்டியில் மனசு ஒட்டவில்லை.

கிருஷ்ணப்ரியாவுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் போக வேண்டுமாம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுதோறும் துறைமுகத்தில் யார் யார் பாய்மரப் படகிலோ பந்தயம் ஓடப் போகிறவள். தீபாவளிக்கு வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "பந்தயத்துலயும் ஓடணும், நாலு நாள் கடல்ல தங்கிப் போகவும் ஆகணும். அப்படி ஒரு போட்டு சொந்தமா இருந்தா நான் எதுக்குப்பா வெளிநாடு போறேன்?"

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. என் காதில் ஆர்டர் மாதிரி விழுந்துவிட்டது. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

பிப்ரவரி 3

புதுச்சேரி. முதல் படகு பார்த்தேன். இலேசான உடம்பு, பந்தய மாடு மாதிரி வயிறு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே நிமிர முடியாது, பாய்த்துணியைச் சுருட்டிப் போடத்தான் இடம்.

"காத்து லேசா அடிச்சாலே பறக்கும் சார்" என்றார் விற்கிறவர்.

தூங்குவதற்கு?

"அதுக்குத்தான் வீடு இருக்குல்ல."

வீட்டில் தங்க மாட்டேன் என்கிற பிள்ளைக்குத்தானே பார்க்கிறேன்.

பிப்ரவரி 15

கொச்சி. மெத்தை, அடுப்பு, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் உண்டு. நல்ல கனம். எடை போட்டே பிழைத்தவன், கனத்தைக் கண்டால் கை நீளுகிறது. ஆனால் படகின் சொந்தக்காரர் நேர்மையானவர். பந்தயத்தில் விட்டால் மற்றவர்கள் பரிசு வாங்கிச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இது கரை சேரும் என்றார்.

இரண்டையும் ஒன்றில் தேடுவதே பிசகோ? பந்தய மாட்டை ஏரில் பூட்டுகிறவன் எங்கள் பக்கத்தில் உண்டா? ஆனாலும் கேட்டவள் அவள்.

பிப்ரவரி 28

படகு தேடுகிற சங்கதி வீட்டுக்காரி ஈஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"முடியுறதுக்கு முந்தி வாய விட்டா வெல ஏறிரும்டீ."

"வெலயா? அவ என்ன மல்லி மூடையா?"

துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியே முன்னுக்கு வந்தவன் நான். ஆசையை முகத்தில் காட்டியவன் சந்தையில் பிழைத்ததில்லை.

மார்ச் 12

கோவா. இதுதான்.

படகு கவிழாமலிருக்க அடியில் இறங்கும் ஈயக் கட்டையை மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆழமில்லாத கரையிலும் ஒதுங்கும், டிரெய்லரிலும் ஏறும். போன வருசப் பந்தயத்தில் மூன்றாவது. உள்ளே ஒற்றை அடுப்பு, ரெண்டு படுக்கை. உயரமான ஆள் காலை முடக்கித்தான் படுக்க வேண்டும் என்றார்கள். டேப்பைப் போட்டு அளந்தேன். அவளுக்குக் கச்சிதம்.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அவளிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 26

லாரிக்காரர் சங்கையா படகைக் கொண்டுவந்து எங்கள் பந்தல்குடி குடோனில் இறக்கினார். "அண்ணாச்சி, கம்மாய்ல கால் நனைக்கத் தண்ணியக் காணோம், கப்பலக் கொண்டாந்துட்டீக!" டீக்கடையே சிரித்தது. சிரிக்கட்டும். இதே ரோட்டில் நேரே போனால் தூத்துக்குடிக் கடல். பங்குனிப் பொங்கலுக்கு வருகிறாள். அன்றைக்குக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 9

தார்ப்பாயை உருவினேன். ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தாள். குனிந்து அடிப்பக்கத்தைத் தட்டினாள், நான் மூட்டையைத் தட்டுகிற மாதிரியே.

"யாருப்பா சொல்லிக் கொடுத்தா? நானா இருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பேன்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் படகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேம்ப்பா. எத்தனை தடவை போன் பண்ணேன், போகாதன்னு ஒருநாள் சொல்லலையே நீங்க. போனாப் போகட்டும்னு விட்டுட்டீகன்னு நெனச்சேன்."

"அப்ப இத வித்துரவா?" என்றேன்.

சனியன் பிடிச்ச வாய். போகாம இரு தாயின்னு ஒரு வார்த்தை — அப்பக்கூட வரலையே. வித்துரவான்னு கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா? தலையத்தேன் ஆட்டுவா. ஆட்டினா.

மே 4

மதுரை ஏர்போர்ட். பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

ஜூன் 17

மழையில் நனைந்த மல்லியை ஈஸ்வரி படகின் பெரிய பாயை விரித்து அதில் காயப் போட்டிருக்கிறாள். தார்ப்பாயைவிடச் சீக்கிரம் காய்கிறதாம்.

கொச்சிப் படகுக்காரர் போனில் கேட்டார், வாங்கின படகு பந்தயத்துக்கா பயணத்துக்கா என்று. இரண்டுக்கும் ஆகும் என்றேன். எதுவரைக்கும் ஓட்டினீர்கள் என்றார். பந்தல்குடி வரைக்கும் என்றேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, ஏணி வைத்து ஏறி உள்ளே படுத்தேன். அவளுக்கு அளந்து வாங்கிய படுக்கை. என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.