உள்விளிம்பில் இரண்டு சந்தனப் பொட்டு

கிள்ளான்,
அக்டோபர் 28

பினாங்கில் வேலை பார்க்கும் என் பேத்தி புனிதாவுக்கு, பாட்டி வீரம்மா எழுதுவது.

வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் வலி பழையபடிதான். போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசிவரை படி.

கோயிலில் உங்கள் கம்பெனி வைத்த சீட்டு மெஷின் ஆயுத பூஜைக்குப் பிறகு எதைத் தொட்டாலும் மோட்ச தீபச் சீட்டையே கொடுத்தது. பண்டமாரானில் இருக்கும் உஷாராணியின் மருமகள், ஏழு மாசக் கர்ப்பிணி, அர்ச்சனை கேட்டுத் தொட்டாள். செத்தவர்களுக்குப் போடும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கோயில் தலைவர் லோகன் எல்லார் முன்னாலும், "வீரம்மா பேத்தி எழுதுன சாப்ட்வேர் லா, பின்ன எப்படி இருக்கும்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நீ அங்கிருந்தே மூன்று தரம் சாப்ட்வேரை மாற்றிப் போட்டும் சரியாகவில்லை, முதலாளி உன்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். தீபாவளிக்கு நீ வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமை மெஷினைத் துடைக்கப் போனேன். பூஜைக்குச் சுற்றிய பிளாஸ்டிக் மாலை அப்படியே கிடந்தது. கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், செத்த எறும்பு. அதற்கடியில், தொடுகிற கண்ணாடியைச் சுற்றிய சட்டத்தின் உள்விளிம்பில், இடப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, அடிப்பக்கம் ஒன்று. காய்ந்து கல்லாகிக் கிடந்தன.

மெஷின் வைத்த அன்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் தெரியாது பாட்டி, எல்லாம் சட்டத்தில்தான் இருக்கிறது என்றாய். ஒரு பக்கத்து எல்இடி கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் விடும், எதிர்ப்பக்கத்து சென்சார் அதை வாங்கும். விரல் குறுக்கே வந்தால் படுக்கைவாட்டில் ஒரு வெளிச்சக் கோடும் நெடுக்குவாட்டில் ஒரு கோடும் அறும். இரண்டும் வெட்டும் இடத்தைத்தான் கன்ட்ரோலர் கண்டுபிடிக்கும் என்றாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அன்றே அது விளங்கியது. இரண்டு பொட்டிலிருந்தும் விரலை நேராக ஓட்டிப் பார்த்தேன். சேர்ந்த இடம் மோட்ச தீபப் பொத்தான். நகத்தால் சுரண்டினேன். அர்ச்சனையைத் தொட்டேன், அர்ச்சனைச் சீட்டே வந்தது.

லோகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆள் சொன்னதைக் கேள்: "பாட்டி, சும்மா இருங்க. சாப்ட்வேர் கோளாறுன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டாச்சு. காசில்லாம புது மெஷின் அனுப்புறாங்க." நன்றாக ஓடுகிற மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, அதே கையோடு உள்ளே போய்க் கற்பூரம் தொட்டுக் கும்பிட்டார். அன்றிலிருந்து அங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொட்டு வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் வைத்தேன். என் பேத்தி செய்த மெஷின் என்று ஐயரைக்கூட விடாமல், நானே சந்தனம் குழைத்து வைத்தேன். அவர் சிரிப்பு மூட்டியபோதும் வாயைத் திறக்காமல் வெங்காயம் நறுக்கினேன். அந்த ஆளைவிட என் கைமேல்தான் எனக்கு இப்போது அருவருப்பு.

இந்தக் கடிதத்தை உன் முதலாளியிடம் கொடு. கீழே கையெழுத்துப் போட்டு என் அடையாள அட்டை ஐசி நம்பரும் எழுதியிருக்கிறேன். நேரில் வரச் சொன்னால் பஸ் ஏறி வருகிறேன்.

வேலையை மட்டும் விட்டுவிடாதே. முருகன் உனக்குத் துணை இருப்பான். தைப்பூசத்துக்காவது வீட்டுக்கு வா. வந்தால், உன் நெற்றியில் விபூதி வைக்க இந்தக் கைக்கு இடம் கொடு.

உன் பாட்டி,
வீரம்மா