முதல் பாதி முடிந்ததும்

அக்டோபர் 6

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

கட்டிய புருஷன் போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

உன் அக்கா வீட்டில் சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ சேர்ந்திருக்கும் புது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின் புதியதா, பழையதா? இங்கே நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் தினமும் மூன்று மாடி ஏறுவதைப் பார்த்துக் கீழ்வீட்டுத் தையல்காரர் சிரிக்கிறார். உதிரி பாகம் வராமல் நான் மட்டும் என்ன செய்ய?

நம் ஃபுட்பால் டீமைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. எட்டு ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. போன சனிக்கிழமை நம் கோல்கீப்பர் பந்தை அழகாகப் பிடித்தார், பிடித்துவிட்டுக் கீழே போட்டார். எதிராளி ஓடி வந்து அதை உள்ளே தட்டிவிட்டுப் போனான். பின்வரிசைத் தொப்பிக்காரர், "எங்க, அம்மாவைக் காணோம்?" என்று கேட்டார். "ட்யூட்டி" என்றேன். ஏழு வாரமாக அதே ட்யூட்டி. அவருக்கும் புரிந்திருக்கும். உன் 42-ஆம் நம்பர் இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் என் பையை வைத்திருக்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன்
லிஃப்ட்காரர்


அக்டோபர் 29

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. மெஷின் பழையதுதான், கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மாதிரி.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள், நான் ஏதோ லீவுக்கு வந்திருப்பதுபோல. நான் ஏன் வந்தேன் என்று தொப்பிக்காரருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா தெரியாது? ஏப்ரலில் என் அப்பாவுக்கு ஆபரேஷன். "முதல் பாதி முடிஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேட்ச்சுக்குப் போனீர்கள். ஆபரேஷன் அறை வாசலில் நான் தனியாக நின்றேன். அப்பா போய்விட்டார் என்று டாக்டர் வந்து சொன்னதைத் தனியாகக் கேட்டேன். நீட்டிய தாளிலெல்லாம் தனியாகக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணிக்கு வந்தீர்கள். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் எழுந்து வந்திருந்தா தோத்திருப்போம்."

அந்த வார்த்தையோடு நான்கு மாதம் அதே வீட்டில் இருந்து பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் எழுந்தால் பதினொரு பேருக்கும் கால் தடுக்கிவிடும் என்று எந்த எக்ஸ்ரேயிலும் நான் பார்த்ததில்லை. அந்த உருப்படாத டீமுக்குக் காட்டுகிற பொறுமையில் கால்வாசியை எனக்குக் காட்டியிருக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே


மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

பதில் எழுத நான்கு மாதம் ஆகிவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ சொன்னது அத்தனையும் சரி. என் பக்கத்தில் நியாயம் இல்லை, காரணம் மட்டும் உண்டு. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், பஸ்ஸைப் பிடிக்க ஐந்து நிமிடம் முன்கூட்டியே எழுந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் நான் வெளிக்கதவைத் தாண்டுவதற்குள் தோற்றுப்போனது. அன்றிலிருந்து கடைசி விசிலுக்கு முன்னால் நான் எழுந்ததே இல்லை. மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று முதல் பாதி முடிந்ததும் எழத்தான் பார்த்தேன். பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் என்னால் ஆகப்போவது எதுவும் இல்லை, இங்கே உட்கார்ந்து எதையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது. உன் பக்கத்தில் நிற்பதும் ஒரு வேலை என்று எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பிப்போமா இல்லையா என்பது மே 17 கடைசி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போகும்போலிருக்கிறது. அதில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அடுத்த சீசன் பாஸுக்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 42 உன் பெயரில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை.

லிஃப்ட்காரர்


மே 9

லிஃப்ட்காரருக்கு,

படிவம் கிடைத்தது. அதைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

17-ஆம் தேதி, சனிக்கிழமை, நாலு மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவின் டிரங்குப் பெட்டி, என் புத்தகங்கள், துணிமணி, அவ்வளவுதான். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குவதால் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பார்த்தேன். நேரில் பார்த்தால் சண்டை வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எக்ஸ்ரே


மே 20

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

தையல்காரர், "சாவி எங்கிட்ட இல்லம்மா, அவரே மேல இருக்காரு" என்றபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து பார்த்தால், கழுத்தில் டீம் மப்ளரோடு உட்கார்ந்து என் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"மேட்ச்?" என்றேன்.

"முதல் பாதி முடிஞ்சுது. வந்துட்டேன்."

"ஸ்கோர்?"

"ஒண்ணு, பூஜ்யம். நாமதான்."

அப்பாவின் பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டு நீங்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினீர்கள். புத்தகக் கட்டை எடுக்க மறுபடி மேலே போனபோது வண்டிக்காரரின் ரேடியோவில் ஒன்றுக்கு ஒன்று ஆனது. துணிமணிக்காகப் போனபோது எதிராளியின் இரண்டாவது கோலும் விழுந்தது. நான்தான் ரேடியோவை அணைக்கச் சொன்னேன். வந்தீர்கள், ஸ்கோரைக் கேட்கவில்லை. "பெட்டிக்கு அடியில துணி வச்சிருக்கேன், ஆடாது" என்று மட்டும் சொன்னீர்கள். வண்டி தெரு திரும்பியதும் அழுதுவிட்டேன். அப்பாவுக்காகவா, உங்களுக்காகவா, அந்த டீமுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் எழுந்து வந்ததால் தோற்கவில்லை. இரண்டாவது கோல் கீப்பரின் கையிலிருந்து நழுவியது என்று ரேடியோவிலேயே சொன்னார்கள். நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் இதை நீங்கள் நம்பப்போவதில்லை. எழுந்தால் தோற்போம் என்று நம்பிக்கொண்டேதான் எழுந்து வந்தீர்கள். அது எனக்குப் புரிகிறது.

வீட்டுக்கு வருகிறேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை. திரும்பத் திரும்பப் படித்துத் தேட வேண்டாம். பெட்டி இங்கே என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கீழ்ப் பிரிவில் முதல் ஆட்டம் ஆகஸ்டில் என்று பேப்பரில் பார்த்தேன். 42-இலிருந்து உங்கள் பையை எடுத்துவிடுங்கள்.

உங்கள்
எக்ஸ்ரே