கட்டிலிலிருந்து தோட்டம் போன அண்ணனுக்கு

அண்ணா,

இன்று கடையில் கேமரா மாட்டினார்கள். மாட்டியவர் போனைத் தடவியதும், சுவரிலிருந்த அது 'ர்ர்' என்று கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. கல்லாவில் இருந்தவன் சட்டென்று எழுந்துவிட்டேன். உங்கள் நினைப்புதான்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த புதிது. மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், மலைமேல் குண்டனி நாட்டு வீட்டில் கட்டிலோடு கிடந்தீர்கள். "தோட்டத்த நீங்களே வெலைக்கு எடுத்துக்குங்க பாய். கண்ணுல பாக்காத தோட்டம் எனக்கெதுக்கு?" என்றீர்கள். ஆசை இல்லை என்று நான் சொன்னால் பொய். நல்ல தோட்டம், நான் மிளகு வியாபாரி.

அந்த வாரம்தான் அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் என் கடைக்கு இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். கேமரா வைத்த சின்ன வண்டி ஒன்று செய்திருந்தார்கள். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரில் ஓட்டலாம். அதன் பட்டன்கள் சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரே தொடாத ஒருவர் வேண்டுமாம். ஜீப்பில் ஏற்றி நேரே உங்களிடம் கூட்டி வந்தேன். வண்டியை வாசலில் விட்டு, கம்ப்யூட்டரை உங்கள் கட்டிலருகே வைத்தார்கள்.

"பரீட்சை உங்களுக்கு இல்லீங்க. தப்பு வந்தா அது எங்க தப்பு," என்றாள் அவர்களில் ஒரு பெண்.

"அப்படின்னா தாராளமா பண்ணிப்போடறேன் சாமி!"

பண்ணினீர்கள். கேமராவைத் திருப்ப ஒரு பட்டன், சக்கரத்தைத் திருப்ப வேறொன்று. கேமராவைத் தோட்டப் பக்கம் திருப்பிவிட்டு, வண்டியே திரும்பிவிட்டதாக நினைத்து முன்னே விட்டீர்கள். மாட்டுக் கொட்டகைச் சுவரில் போய் முட்டியது. நான் வாயைத் திறந்தேன். "சொல்லித் தரக் கூடாதுங்க," என்று அவள் தடுத்துவிட்டாள்.

திரையையே பார்த்துக் கிடந்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "தல திரும்புது, ஒடம்பு கூட வரமாட்டேங்குது. என்னையாட்டவே இருக்குதுங்க பாய்!"

வண்டியைத் தூக்கித் திருப்பி வைக்க நான் வெளியே போனேன். நீங்கள் அதற்குள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, சக்கரத்தைத் திருப்பி, வாசலைத் தாண்டிவிட்டீர்கள். நான் பின்னாலேயே ஓடினேன். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் வண்டி நின்றது. கேமரா, கொடியின் வழியே மெல்லத் தலையை உயர்த்தியது. சரம் சரமாய்க் காய். பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பியது.

கண்ணாடியும் கம்பியும்தான் என்று தெரியும், அண்ணா. ஆனாலும் வந்து நின்றது நீங்கள். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, "வாங்கண்ணா" என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து கத்தினீர்கள்: "ஏனுங்க பாய், தள்ளி நில்லுங்க! மொளகு தெரியல!"

மாலையில் அவர்கள் வண்டியோடு இறங்கிப் போனார்கள். "பறிப்புக்கு ஆளு எப்பங்க வரும்?" என்று கேட்டீர்கள். தோட்டத்தை விற்கும் பேச்சு அதோடு சரி.

நீங்கள் கண்ணை மூடி எத்தனையோ பறிப்பு முடிந்துவிட்டது. காய்த்த கொடி எதன் முன்னால் நின்றாலும், இன்றும் ஓரடி தள்ளியே நிற்கிறேன்.