மொட்டைமாடியில் உன் நீலச் சட்டை

புதுப்பட்டினம்,
12.11.2002

சிரஞ்சீவி பிரவின்குமாருக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை, பதினாலு மாதமாக நொய்டாவில் சிநேகிதன் அறையில் படுத்துக் கிடப்பவன் உடம்புக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். கம்பெனியை இழுத்து மூடினார்கள், அது உன் தப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கம்பெனியிலிருந்து உன்னோடு வெளியே வந்த கோபாலகிருஷ்ணன் மகன் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறான், அவனுக்கு வெட்கமாக இல்லை. என்னோடு கல்பாக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த பன்னீர்செல்வம் கருங்குழியில் பம்புப் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்டோர்ஸுக்கு ஆள் வேண்டும், பிரவினை அனுப்பு என்று அவராகவே கேட்டார். பட்டறையா என்று அம்மாவிடம் சிரித்தாயாமே. உன்னைப் படிக்கவைத்ததும் இந்தக் கையில் இருந்த கிரீஸ்தான்.

மேல்மாடி என் பொறுப்பு, சேர்த்தே முடிப்போம் என்று நீ சொன்னதை நம்பித்தான் வீட்டைப் பாதியில் நிறுத்தினேன். நான் ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரே அறை வாடகை வீட்டில் உன் அம்மா மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறாள். தீபாவளிக்கும் நீ வரவில்லை. மறுநாளே தர்மராஜ் மேஸ்திரியைக் கூப்பிட்டு, மேல்மாடி கிடையாது, கீழ்வீட்டைப் பூசி முடி என்றேன். மேல்மாடித் தூண்களுக்கு விட்டிருந்த கம்பிகளை அறுத்தாகிவிட்டது. ஒன்றை மட்டும் விடச் சொன்னான். வூட்டு மேல கண்ணு பட்டுகினு கீது சார், பழைய சட்டை பேண்டு இருந்தா குடு, பொம்மை கட்டணும் என்றான். உன் நீலச் சட்டையைக் கொடுத்தேன், முதல் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போனாயே, அதுதான். வைக்கோல் திணித்துக் கட்டியதும் உன் உயரம்தான், உன்னைப் போலவே தோளும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஸ்டாஃப் பஸ்ஸில் போகிறவர்கள், பையன் வந்துட்டானா சார் என்று கேட்கிறார்கள். வந்துவிட்டான், இவன் எதையும் சொல்லி ஏமாற்றுவதில்லை என்கிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சாயங்காலம் மேஸ்திரிக்கு டீ எடுத்து வந்தவள், தெருவிலேயே நின்று, பிரவின், எப்படா வந்த, ஓரத்துல நிக்காதடா, உழுந்துடப் போற என்று கத்தினாள். ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தினமும் காலையில் வந்து எதிரே கொஞ்ச நேரம் நிற்கிறாள். நேற்று மழையில் குடையோடு நின்றாள். அதற்கும் நீதான் காரணம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். அதற்கு முதல்நாள் பொம்மையை இறக்கி எரித்துவிட வேண்டும். பன்னீர்செல்வமும் அதுவரைதான் காத்திருப்பாராம். நீ வந்தால் நீயே இறக்கு. வராவிட்டால் சட்டையோடு நான் கொளுத்துவேன், உன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அதன்பிறகு அந்தக் கடைசிக் கம்பியையும் அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன். வருவதானால் ஸ்வெட்டரை அங்கேயே வைத்துவிட்டு வா, இங்கே தேவைப்படாது.

உன் அப்பா,
ப. பக்தவத்சலம்